சலவை அறையில் ஒன்பது பாட்டில்கள்: வீட்டு பீர் வெடித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2023 மார்ச் 2, வியாழக்கிழமை, அதிகாலை 1:40 மணி. டொரன்டோவை ஒட்டிய புறநகரில் எங்கள் வீட்டின் பேஸ்மென்ட்டில் ஒரு சத்தம். கூரையில் உறைந்த பனிக்கட்டி சரிந்து விழுகிறது என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன். இரண்டாவது சத்தத்தில் மனைவி எழுப்பினாள். "ஏங்க, மேல இல்லீங்க, கீழ. கண்ணாடி உடையிற சத்தம்."

விடிவதற்குள் ஒன்பது பாட்டில்கள் வெடித்திருந்தன. எல்லாம் நான் காய்ச்சி, நானே மூடி போட்ட பீர். யாருக்கும் காயமில்லை. ஆனால் காலையில் சலவை அறைச் சுவரில் ஒரு கண்ணாடிச் சில்லு பதிந்து நின்றதைப் பார்த்தேன். தரையிலிருந்து 94 சென்டிமீட்டர் உயரம். அளவு நாடாவை வைத்துதான் அளந்தேன். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அவள் பள்ளி விட்டு வந்ததும் துவைத்த துணியில் தன் காலுறைகளைத் தேடிப் பொறுக்குகிற இடம் அது. இந்த ஆய்வை எழுத வேண்டும் என்று தோன்றியது அந்தச் சில்லைப் பார்த்துத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனடாவில் சொந்தக் குடிப்புக்காக, விற்காமல், வீட்டில் பீர் காய்ச்சுவதற்குச் சட்டத்தில் இடமுண்டு. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எந்த மதுவையும் தயாரிப்பது குற்றம். ஊரில் இருப்பவர்கள் இதைச் செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காய்ச்சிய நாள்

இது என் நான்காவது முறை. முதல் முறை மால்ட் (முளைகட்டிய பார்லி) கரைசல் பொங்கி வழிந்து அடுப்பு முழுக்கக் கரியாகப் பிடித்தது. இரண்டாம் முறை, பீருக்குக் கசப்பு தரும் பூவான ஹாப்ஸ், வடிகட்டியை அடைத்துக்கொண்டது. மூன்றாவது நன்றாகவே வந்தது. ஆனால் அது ஆகஸ்ட் மாதம், பேஸ்மென்ட் தானாகவே 21 டிகிரியில் இருந்த காலம். அந்த வெற்றிதான் என்னைத் தவறான நம்பிக்கையில் விட்டது. எனக்குக் கைவந்துவிட்டது என்று நினைத்தேன். கைகொடுத்தது கோடைதான்.

பிப்ரவரி 4, சனிக்கிழமை. 2.7 கிலோ உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட் சாற்றுப் பொடி), 20 லிட்டர் கரைசல். ஒரு மணி நேரக் கொதி, ஹாப்ஸ், பிறகு பனியில் பாத்திரத்தை இறக்கி ஆறவைத்தல். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.050 காட்டியது (வெறும் தண்ணீர் 1.000). பால் சொசைட்டியில் பாலுக்குள் லாக்டோமீட்டர் விட்டுப் பார்ப்பார்களே, அதே தத்துவம்தான்: கரைசலில் சர்க்கரை அதிகமிருந்தால் கருவி மேலே மிதக்கும், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவுமாக மாற்ற மாற்றக் கருவி கீழே இறங்கும். இந்த வகை பீர் பெரும்பாலும் 1.012 பக்கம் வந்து நிற்கும். ஒரு பாக்கெட் இங்கிலாந்து வகை ஏல் ஈஸ்ட் தூவினேன். இந்த ரக ஈஸ்ட்டுகளில் பல வேலை முடிந்ததும் கட்டிகட்டியாகச் சேர்ந்து அடியில் படிந்துவிடும். பீர் சீக்கிரம் தெளிந்துவிடும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன். குளிர் பட்டால் வேலை முடிவதற்கு முன்பே படிந்துவிடும் என்பதும் அதே குணத்தின் மறுபக்கம்.

வாளியை பேஸ்மென்ட்டின் சிமெண்ட் தரையில் வைத்தேன். பக்கத்து அலமாரியில், என் தோள் உயரத்தில், ஒரு தெர்மாமீட்டர். 18 டிகிரி. போதும் என்று மாடிக்கு வந்துவிட்டேன்.

அந்த வாரமே மனைவி ஒரு வார்த்தை சொன்னாள். இந்த ஊர்க் குளிரில் இட்லி மாவு வெளியே வைத்தால் பொங்காது. ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு, அந்தச் சூட்டில் ராத்திரி முழுக்க வைத்தால்தான் காலையில் மாவு எழும்பும். அவள் கேட்டாள்: "நாலு கப் மாவுக்கு ஓவன்ல வெளக்கு போட்டு வெக்கிறோம். உங்க வாளிய மட்டும் வெறும் தரையில வெச்சிருக்கீங்களே, அதுக்குக் குளிராதா?" நான் தெர்மாமீட்டரைக் காட்டினேன்.

எட்டாம் நாள் முதல் பதினைந்தாம் நாள் வரை

வாளி மூடியில் ஏர்லாக் என்று ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். பாதி தண்ணீர் ஊற்றி வைப்போம். உள்ளே உண்டாகும் வாயு தண்ணீர் வழியாகக் குமிழியிட்டு வெளியேறும். வெளிக்காற்று உள்ளே போகாது. முதல் நான்கு நாட்கள் அது ஓயாமல் கொப்பளித்தது. எட்டாம் நாள் நிமிடத்துக்கு ஒன்று. பதினொன்றாம் நாள் அடங்கிவிட்டது. முடிந்தது என்று முடிவு கட்டினேன்.

பிப்ரவரி 19 அன்று, பதினைந்தாம் நாள், பாட்டிலில் அடைப்பதற்கு முன் ஒரே ஒரு முறை ஹைட்ரோமீட்டர் விட்டேன். மாதிரியை 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஒட்டிய குமிழிகள் போகக் கருவியைச் சுழற்றி, கண்ணுக்கு நேரே வைத்துப் படித்தேன். 1.018. நோட்டில் எழுதினேன். பக்கத்தில் என் கையெழுத்திலேயே இன்னொரு வரியும் இருக்கிறது: "எக்ஸ்ட்ராக்ட் பீர் கொஞ்சம் மேலேயே நிற்கும், பரவாயில்லை." அளவீட்டில் தவறில்லை. பரவாயில்லை என்று எழுதியதுதான் தவறு. கருவி சொன்னதைக் கேட்காமல், ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு அதைச் சாட்சியாக இழுத்தேன்.

சர்க்கரையிலும் ஒரு பிழை செய்தேன். பாட்டிலுக்குள் நுரை வருவதற்காகக் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்போம். 18 லிட்டருக்கு 110 கிராம், தராசில் நிறுத்ததுதான். அந்த அளவு சரி. ஆனால் பாட்டிலில் அடைப்பதற்கான வாளியில் சர்க்கரைப் பாகை முதலில் ஊற்றி அதன் மேல் பீரை இறக்க வேண்டும். அப்போது சுழலில் தானே கலந்துவிடும். நான் பீரை இறக்கிவிட்டு மேலே பாகை ஊற்றினேன். கலக்கினால் காற்றுப் புகுந்து பீர் கெடும் என்ற பயத்தில் கரண்டி போடவில்லை. பாகு பீரைவிடக் கனம். அது அடியில் போய்ப் படிந்தது. குழாயும் அடியில்தான் இருக்கிறது. ஆக, முதலில் நிரம்பிய பாட்டில்களுக்குச் சர்க்கரை கூடுதலாகவும் கடைசிப் பாட்டில்களுக்குக் குறைவாகவும் போயிருக்கும்.

அரை லிட்டர் பாட்டில்கள் 36, மூன்று பெட்டிகளில் பன்னிரண்டு பன்னிரண்டாக, நிரப்பிய வரிசையிலேயே அடுக்கினேன். நுரை பிடிக்க வெதுவெதுப்பு வேண்டும் என்று படித்திருந்ததால் பெட்டிகளை, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை ஒட்டிய சலவை அறைக்கு மாற்றினேன். அங்கே 24 டிகிரி. நொதிக்க வேண்டியது குளிரில் கிடந்தது, அடைத்த பிறகு சூட்டுக்குப் போனது. வரிசை தலைகீழ்.

அந்த இரவு

கீழே இறங்கியபோது நான் செருப்புகூடப் போடவில்லை. சலவை அறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். தரையெல்லாம் நுரையும் பழுப்புக் கண்ணாடியும். வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது வெடித்தது. நான் நின்ற இடத்துக்கும் பெட்டிக்கும் இரண்டு மீட்டர்கூட இருக்காது. பாட்டிலின் அடிப்பாகம் மட்டும் பெட்டியில் இருந்தது. மேல்பாகம் எதிர்ச்சுவரில் போய் அடித்தது. கதவைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரமானது. அன்று நடந்த எல்லாத் தவறுகளிலும் ஆளைக் கொன்றிருக்கக்கூடிய தவறு அந்தக் கதவைத் திறந்ததுதான். பாட்டில் ஒன்று வெடித்தால் மற்றவையும் அதே நிலையில்தான் இருக்கும். உள்ளே போகவே கூடாது.

பிறகு செய்தது சரியாக இருந்தது. ஃபர்னஸை அணைத்தோம். மாடியில் மூவரும் ஒரே அறையில் கம்பளி போர்த்திப் படுத்தோம். காலை ஆறரைக்கு நான் பனிச்சறுக்குக் கண்ணாடி, தடித்த குளிர் ஜாக்கெட், தோல் கையுறை, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். பெட்டிகளின் மேல் பழைய ரஜாயைப் போர்த்தினேன். சலவை அறையின் சிறு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்தேன். மதியத்துக்குள் அறை 4 டிகிரிக்கு வந்துவிட்டது. குளிர்ந்த பீருக்குள் வாயு கரைந்தே இருக்கும். அதனால் அழுத்தம் குறையும். அதே பாட்டிலை 24 டிகிரியில் வைத்திருப்பதைவிட 4 டிகிரியில் அழுத்தம் பாதிக்கும் கீழே. ஆனால் உறையவிடக் கூடாது. உறைந்தால் பனிக்கட்டி விரிந்து கண்ணாடியை அதுவே உடைக்கும்.

மீதி 27 பாட்டில்களையும் மறுநாள் ஒவ்வொன்றாகத் துண்டில் சுற்றி, மூடியை மெல்ல நெம்பி, வாயுவை விட்டேன். ஒவ்வொன்றும் அரைப் பாட்டில் நுரையாகப் பீறிட்டது.

யார் குற்றவாளி?

எனக்கு முதலில் வந்த சந்தேகம் கிருமி. சுத்தம் போதாமல் காட்டு ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ புகுந்தால் அவை சாதாரண ஈஸ்ட் தொடாத சர்க்கரையையும் தின்றுவிடும், பாட்டில் வெடிக்கும். இது உண்மையில் நடக்கக்கூடியதுதான். ஆனால் அதற்குத் தடயம் இருக்கும். பாட்டில் கழுத்தில் ஒரு வளையம் படியும், புளிப்போ மருந்து வாடையோ வரும், அடர்த்தி எதிர்பார்த்ததைவிடக் கீழே போகும். நான் ஐந்து பாட்டில்களைச் சோதித்தேன், இரண்டாம் பெட்டியிலிருந்து இரண்டு, மூன்றாவதிலிருந்து மூன்று. வாயு இருந்தால் குமிழிகள் ஹைட்ரோமீட்டரைத் தூக்கிவிடும் என்பதால் டீ ஆற்றுவது போல இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி, நுரை செத்த பிறகு அளந்தேன். ஐந்திலும் 1.012. கழுத்தில் வளையம் இல்லை. வாசனை சுத்தம். குடித்தும் பார்த்தேன், நல்ல பீர். ஈஸ்ட் தான் எங்கே போய் நிற்க வேண்டுமோ சரியாக அங்கே போய் நின்றிருக்கிறது. பாட்டிலுக்குள் போய் நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து சர்க்கரை. வெடித்த ஒன்பதில் ஏழு முதல் பெட்டி, இரண்டு இரண்டாம் பெட்டி. மூன்றாம் பெட்டியில் ஒன்றுகூட இல்லை. பாகு கலக்காததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். நானும் இதோடு விசாரணையை முடித்திருப்பேன். ஆனால் மூன்றாம் பெட்டிதான் என்னை நிறுத்தியது. அதற்குச் சர்க்கரை மிகக் குறைவாகத்தான் போயிருக்க வேண்டும். அப்படியானால் அந்த பீர் சப்பென்று இருக்க வேண்டும். அதுவும் பீறிட்டதே! அப்படியென்றால் வாயு வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. பாகு எந்தப் பாட்டில் முதலில் வெடிக்கும் என்பதை மட்டுமே முடிவு செய்தது.

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். ஒரு லிட்டர் பீரில் எத்தனை லிட்டர் வாயு கரைந்திருக்கிறது என்பதை மடங்கில் சொல்வோம். கடையில் வாங்கும் பெரும்பாலான பீரில் இரண்டரை மடங்கு பக்கம் இருக்கும். சாதாரண பீர் பாட்டிலில் மூன்று, மூன்றரைக்கு மேல் போகவிடக் கூடாது என்பதுதான் காய்ச்சுபவர்கள் பொதுவாகப் பின்பற்றும் எல்லை. 15 டிகிரியில் நொதித்த பீரில் அடைக்கும்போதே ஒரு மடங்கு இருக்கும். லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை 1.6 மடங்கு சேர்க்கும். ஆக 2.6. என் திட்டம் இதுதான், இதில் பிழையில்லை. ஆனால் ஹைட்ரோமீட்டர் ஒரு புள்ளி (0.001) இறங்கினால் ஏறத்தாழ அரை மடங்கு வாயு வரும். 1.018லிருந்து 1.012 வரை ஆறு புள்ளிகள், மூன்று மடங்கு. கூட்டினால் 5.6. 24 டிகிரியில் அது 90 பி.எஸ்.ஐ. அழுத்தம் பக்கம் வரும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 32, 35. இது சராசரிப் பாட்டிலின் கணக்கு. முதல் பெட்டிக்கு இதற்கும் மேலே.

மிஞ்சிய ஆறு புள்ளிகள் ஏன் வாளியிலேயே முடியவில்லை என்பதுதான் கேள்வி. விடை என் தொலைபேசியில் இருந்தது. பிப்ரவரி 16 அன்று, அடங்கிப்போன ஏர்லாக்கைப் பெருமையாகப் படம் எடுத்து ஊரிலிருக்கும் தம்பிக்கு அனுப்பியிருந்தேன். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், வாளிப் பக்கத்துக் குமிழில் தண்ணீர் உயரமாகவும் வெளிப்பக்கக் குமிழில் தாழ்வாகவும் நிற்கிறது. வாயு வெளியேறும்போது இது நேர்மாறாக இருக்கும். வாளி உள்ளுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அதாவது, குளிர்ந்துகொண்டிருந்தது.

இதைச் சோதிக்க அதே வாளியில் 20 லிட்டர் தண்ணீர் ஊற்றி, அதே இடத்தில் இரண்டு நாள் வைத்தேன். அலமாரித் தெர்மாமீட்டர் 18. தண்ணீருக்குள் விட்ட தெர்மாமீட்டர் 14.5. சிமெண்ட் தரை சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கிறது. சூடான காற்று மேலே போய் அலமாரியில் நிற்கிறது.

இன்னும் கவனிக்க வேண்டியது, இந்தக் குளிர் முதல் வாரத்தில் தெரியவே தெரியாது என்பது. ஈஸ்ட் மும்முரமாக வேலை செய்யும்போது அதுவே சூட்டை உண்டாக்கும். வாளி சுற்றுப்புறத்தைவிட இரண்டு, மூன்று டிகிரி கூடுதலாகவே இருக்கும். சர்க்கரை தீரத் தீர வேகம் குறையும், சூடும் குறையும், தரையின் குளிர் ஏறும். கடைசிச் சர்க்கரையைத் தின்று முடிக்க ஈஸ்ட்டுக்கு வெதுவெதுப்பு தேவைப்படும் அதே நாட்களில் அதன் காலடியில் குளிர் வந்து சேர்கிறது. அது அடியில் படிந்து தூங்கிவிடுகிறது. குளிர்கிற பீர் வாயுவைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வதால் ஏர்லாக்கும் பேசாமல் இருக்கிறது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு முடிந்த பீரும் தூங்குகிற பீரும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிறகு நான் அதைக் குழாய் வழியாக இறக்கி, குலுக்கி, புதுச் சர்க்கரை கொடுத்து, 24 டிகிரி அறையில் வைத்தேன். எழுந்துவிட்டது.

குமிழியை எண்ணாமல் அடர்த்தியை அளந்து பார் என்பது புதிய பாடம் அல்ல. இங்கிலாந்தில் ஜான் ரிச்சர்ட்சன் 1784இல் சர்க்கரையளவு கருவியைப் பீர் ஆலைகளுக்கு எடுத்துச்சொல்லி இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகிறது. என் கையிலும் அந்தக் கருவி இருந்தது. மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தாலொழிய அடைக்காதே என்பது எல்லாரும் சொல்லும் விதி. என் வழக்கில் அந்த விதியும்கூட முழுதாகக் காப்பாற்றியிருக்காது, 14.5 டிகிரியில் தூங்குகிற ஈஸ்ட் மூன்று நாள் கழித்தும் அதே 1.018தான் காட்டியிருக்கும். அளவு மாறாமல் இருந்தால் மட்டும் போதாது, இந்தக் கரைசல் எங்கே போய் நிற்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஏப்ரலில் மறுபடியும்

மனைவி தடை போடவில்லை. ஒரே நிபந்தனை, பாட்டில்கள் இனி சலவை அறைக்கு வரக் கூடாது. அதே அளவு, அதே ஈஸ்ட், ஆனால் இரண்டு பாக்கெட். கரைசலில் 200 மில்லியைத் தனியாக எடுத்து, ஜாடியில் ஊற்றி, தேவைக்கு அதிகமாகவே ஈஸ்ட் போட்டு, மாவு வைக்கும் அதே ஓவனில் விளக்குச் சூட்டில் வைத்தேன். மூன்று நாளில் அது 1.012இல் நின்றது. வாளி எங்கே போய் நிற்க வேண்டும் என்பது அதற்கே தெரிவதற்கு முன் எனக்குத் தெரிந்துவிட்டது.

வாளியை மரப்பலகை மேல், தண்ணீர் நிறைந்த தொட்டிக்குள், மீன்தொட்டி ஹீட்டரோடு வைத்தேன். தெர்மாமீட்டர் வாளியின் உடம்பிலேயே ஒட்டியிருந்தது. முதல் ஐந்து நாள் 19 டிகிரி. வேகம் தணிந்ததும் 21க்கு ஏற்றினேன். பத்தாம் நாள் 1.014, பதின்மூன்றாம் நாள் 1.012, பதினாறாம் நாள் 1.012. பத்தாம் நாளிலேயே ஏர்லாக் அடங்கியிருந்தது. அப்போதும் இரண்டு புள்ளி பாக்கி, அதாவது ஒரு மடங்கு வாயு.

பாகை முதலில் ஊற்றி, அதன் மேல் பீரை இறக்கி, கரண்டியால் மெல்ல நான்கு சுற்றுச் சுற்றினேன். 35 கண்ணாடிப் பாட்டில்கள், கூடவே ஒரு காலி சோடா பிளாஸ்டிக் பாட்டிலிலும் அதே பீர். பிளாஸ்டிக்கை அமுக்கிப் பார்த்தால் உள்ளே எவ்வளவு இறுகியிருக்கிறது என்று விரல் சொல்லிவிடும். எல்லாவற்றையும் மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் பெட்டிகளில் போட்டு, மகள் போகாத கராஜ் பக்கத்துச் சிற்றறையில் வைத்தோம்.

சோடா பாட்டிலை தினமும் காலையில் அமுக்கிப் பார்க்கும் வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள். நாலாம் நாள், "இன்னும் தொளதொளன்னுதான் இருக்கு." ஒன்பதாம் நாள், "கடையில வாங்கின சோடா மாதிரியே ஆயிடுச்சு, எடுத்துக் குளிர்ல வெச்சிருங்க." அன்றே எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்கு மாற்றினோம். 35இல் ஒன்றும் வெடிக்கவில்லை. முதலில் நிரப்பியதையும் கடைசியில் நிரப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்து ஊற்றினேன். இரண்டு கிளாஸிலும் நுரை ஒரே உயரத்தில் நின்றது.